நோயாளியின் அருகில் இருப்பவர் யார்? பசறைத் தோட்டங்களின் சுகவாழ்வு பற்றிய சில சிந்தனைகள்

பதுளை நகரிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இருபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் அமைந்துள்ளது பசறை. தெற்கே நமுனுகுலை மலை முகில் போர்த்து நிற்கிறது. சுற்றிலும் கோணக்கலை, எல்டெப், கனவரல்லை என்றும், அப்பால் லுணுகலை, மடுல்சீமைப் பக்கங்களில் வேறு பல பெயர்களோடும் தேயிலைத் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் விரிந்து கிடக்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் இப்பக்கம் வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டாகிறது என்பதை உலகச் சந்தை நன்கறியும். அத்தேயிலையைக் கிள்ளும் கைகளின் சுகதுக்கங்களை அறிந்தவர் அத்தனை பேர் இல்லை.

பசறையில் அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. பதுளையில் மாகாணத்தின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசமாகவே கிடைத்து வருகிறது. கிராமத்தவருக்கும் தோட்டத்தவருக்கும் வாசல் ஒன்றே; மருந்தும் ஒன்றே. ஆயினும், 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பார்த்தால் நமக்குத் திகைப்பு உண்டாகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்தால் அத்தொகை ஏறத்தாழ 32 ஆகிறது.

ஒரே தீவு, ஒரே இலவச வைத்தியம். பிள்ளைகளின் வளர்ச்சியில் மட்டும் இத்தனை வேற்றுமை ஏன்? இக்கேள்விக்கு விடையை மருந்துப் புட்டியில் தேடினால் அகப்படாது.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் முடிவில் வைத்தியத்தின் உறுப்புகளை நான்காகப் பிரித்துக் காட்டுகிறார்: நோயுற்றவர், நோய் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர். முதல் மூன்றையும் எவரும் சொல்லிவிடுவர். நான்காமவரையும் மறவாமற் சேர்த்ததே வள்ளுவரின் நுட்பம். நோயாளியின் அருகில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவரிடம் எத்தகைய உறவு, அவர்களால் என்ன செய்ய முடிகிறது என்பவற்றையும் சேர்த்தே வைத்தியம் என்று அவர் கருதினார் போலும். மலைநாட்டுத் தோட்டங்களின் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வைத்திய வரலாற்றை இந்த நான்காவது உறுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போமாயின், விளங்காதிருந்த பல விஷயங்கள் விளங்கும்.

காப்பிக் காலத்துச் சட்டம்

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த காலம் அது. வழியிலே வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பின்னரும் நோய்ப்பட்டவருக்குப் புகலிடம் இல்லை. வேலை செய்ய இயலாதவரைத் தோட்டங்கள் வெளியே அனுப்பிவிட, அவர்கள் தெருவோரங்களிற் கிடந்து மாண்ட செய்திகள் அக்காலத்து அரசாங்கத்தையே உறுத்தின.

அதன் பயனாக 1872ஆம் ஆண்டில் தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. தோட்டப் பிரதேசங்கள் வைத்திய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. செலவுக்குத் தோட்டக்காரர்களிடம் வரி பெறப்பட்டது. 1912இல் இச்சட்டம் புதுப்பிக்கப்பட்டு விரிவடைந்தது. அந்நாளில் இலங்கையின் கிராமவாசிகளுக்குக்கூட இத்தகைய தனிச் சட்டம் இருக்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். காகிதத்தில் பார்த்தால் தோட்டத்துத் தமிழர் முந்திக்கொண்டவர்கள்.

ஆனால் அச்சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் யாராகத் தெரிந்தார்கள்? தொழிலாளர் தொகையாகவே தெரிந்தார்கள். ஆள் குறைந்தால் கொழுந்து குறையும். ஆகவே ஆளைக் காப்பாற்ற வேண்டும். இதுவே அதன் உட்கருத்து. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவர் துரையின் சம்பளத்தில் இருந்தார். எவருக்கு மெய்யான நோய், எவர் வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறார் என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. நோயாளிக்கு ஒரு கண், துரைக்கு ஒரு கண் என்று இருந்தவரிடம் மக்கள் எவ்வளவு தூரம் மனம் திறந்து பேசியிருப்பர் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கும் அக்காலத்தில் துண்டு வேண்டும். தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த அந்தத் துண்டை வைத்தே ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்பட்டனர். துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. எனினும், மேலே ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் ஒரு காரியம் நடக்கும் என்ற பழக்கம் மட்டும் அவ்வளவு விரைவாகப் போய்விடவில்லை.

கொக்கிப் புழு கற்பித்த பாடம்

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். இப்புழு ஈர மண்ணில் வாழ்ந்து, செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து உடம்பினுட் புகுகிறது. குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தம் குறைந்தவர் சோர்வார். மலை ஏறும்போது மூச்சு வாங்குவார். பார்ப்பவர் அவரைச் சோம்பேறி என்பார்.

மருந்து கொடுத்தால் புழு வெளியேறியது. சில மாதங்களில் மீண்டும் வந்து சேர்ந்தது. காரணம் தெளிவானது. மலசல கூடங்கள் இல்லை. கால்களில் செருப்பு இல்லை. லயத்தைச் சுற்றிய மண்ணிலும் தேயிலைக்கு இடையிலும் புழு பெருகிக்கொண்டேயிருந்தது. ஆகவே மருந்தோடு மலசல கூடமும் வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். மருந்துக்கு ஒருவாறு இசைந்த தோட்ட நிர்வாகங்கள், கட்டடச் செலவு என்றதும் தயங்கின. நோயின் காரணம் விஞ்ஞானத்துக்குத் தெரிந்திருந்தது. தீர்க்கும் வழியும் தெரிந்திருந்தது. தீர்ப்பதற்கான அதிகாரமோ பணமோ நோயாளியிடமும் இல்லை, வைத்தியரிடமும் இல்லை.

புழு இருந்தது மண்ணில்தான்; அதை அங்கே வாழவைத்தது மனிதர்களுக்கு இடையே இருந்த உறவு முறை.

வாக்குச்சீட்டும் மருத்துவமாதும்

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோர் ஓர் ஊரைப் பொறுப்பேற்று, நோய் வருமுன் வீடு தேடிச் செல்லும் முறை அங்கே தொடங்கிற்று. இம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. 1930களில் நூறாயிரம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்த இந்நாட்டில், இக்காலத்தில் அத்தொகை பல பத்துகளாகக் குறைந்திருக்கிறதென்றால், அப்பெருமையிற் பெரும்பங்கு கைப்பையும் குடையுமாக ஒற்றையடிப் பாதைகளில் நடந்த மருத்துவமாதருக்கே உரியது.

இம்முறை பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1931இல் வளர்ந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற கொள்கை இலங்கைக்கு வந்தது. கிராமத்தவர் தம் பிரதிநிதியிடம் பள்ளிக்கூடம் கேட்டார்கள், பாதை கேட்டார்கள், ஆஸ்பத்திரி கேட்டார்கள். கொடாதவர் அடுத்த தேர்தலில் அதன் பலனை அனுபவித்தார்.

தோட்டத்து மக்களின் கதை வேறாயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த சட்டங்களும் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 300,000 பேர் இலங்கைக்கு என்றும், 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்றும் மக்களைப் பங்கு பிரித்தது.

வாக்கில்லாதவரின் வாசலுக்கு யார் வருவார்? அரசாங்கத்தின் சுகாதாரப் பகுதியினர், "அவர்கள் தோட்டத்தின் பொறுப்பு" என்றனர். தோட்டத்தினர், "சட்டம் கேட்ட அளவுக்குச் செய்துவிட்டோம்" என்றனர். 1872இல் முன்னுரிமையாகத் தோன்றிய தனிச் சட்டமே பிற்காலத்தில் ஒரு வேலியாக மாறியது. நாட்டின் பொதுச் சுகாதாரம் அந்த வேலியருகில் வந்து நின்றுவிட்டது.

இதன் கொடிய விளைவு 1973, 1974ஆம் ஆண்டுகளில் தெரிந்தது. உலகெங்கும் உணவுப் பொருள்களின் விலை ஏறிய காலம். பங்கீட்டு அரிசி குறைந்தது. மாவின் விலை உயர்ந்தது. கிராமத்தவருக்குச் சிறிதளவு காணி இருந்தது. பலாவும் மரவள்ளியும் இருந்தன. அடுத்த ஊரில் நெல் விதைக்கும் உறவினர் இருந்தனர். தோட்டத்தவருக்கு லயத்து அறையும் கடைக் கணக்கும் மட்டுமே இருந்தன. தோட்டங்களில் இறப்பு விகிதம் ஏறியது. பட்டினியால் பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு நகரத் தெருக்களுக்கும் வன்னிப் பக்கத்துக்கும் சென்றன. அவர்களைக் கொன்ற நோய்க்கு வைத்தியப் புத்தகத்தில் வெவ்வேறு பெயர்கள் இருக்கலாம். நிலமின்மை, நாடின்மை என்ற இரண்டும் அப்பெயர்களுக்கு அடியில் இருந்தன.

சைலீசியாவிலிருந்து ஒரு சான்று

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய பிரஷ்ய நாட்டின் மேல் சைலீசியா என்ற பிரதேசத்தில் பஞ்சமும் டைபஸ் காய்ச்சலும் சேர்ந்து மக்களை வாட்டின. நிலைமையை ஆராய்ந்து வருமாறு அரசாங்கம் ருடால்ப் விர்ச்சோ என்ற வைத்தியரை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. பிற்காலத்தில் நோய்க்குறியியலின் தந்தை எனப் போற்றப்பட்டவர் அவர்.

அங்கே அவர் கண்டவர்கள் போலிஷ் மொழி பேசும் ஏழை மக்கள். அதிகாரிகளின் மொழியோ ஜெர்மன். நிலம் பிரபுக்களுடையது. பாதைகள் இல்லை, பள்ளிகள் இல்லை. திரும்பி வந்த இளைஞர், மருந்துப் பட்டியலோடு மட்டும் அறிக்கையை முடித்துவிடவில்லை. அம்மக்களுக்குத் தாய்மொழியில் கல்வியும் நிர்வாகமும் வேண்டும், தம் காரியத்தைத் தாமே நடத்தும் உரிமை வேண்டும், பாதைகள் வேண்டும், வரிச்சுமை ஏழையின் தோளிலிருந்து இறங்க வேண்டும் என்று எழுதினார். அரசாங்கத்தார் அதை விரும்பவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டில், உலக சுகாதார ஸ்தாபனம் அமைத்த ஆணைக்குழு ஒன்று மைக்கேல் மார்மட் என்ற பேராசிரியரின் தலைமையில் இதே முடிவுக்கு வந்தது. மனிதர் பிறந்து, வளர்ந்து, உழைத்து, மூப்படையும் சூழ்நிலைகளே அவர்களின் ஆரோக்கியத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பதே அதன் சாரம். மேல் சைலீசியாவுக்குப் பதிலாகப் பசறை என்றும், போலிஷ் மொழிக்குப் பதிலாகத் தமிழ் என்றும் எழுதிப் படித்தால், விர்ச்சோவின் அறிக்கையிற் பெரும்பகுதி நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஒரு நாட் பேரின் விலை

பெரிய வரலாற்றை விட்டு ஒரு சிறிய கணக்குக்கு வருவோம். ஒரு தாயின் குழந்தைக்குக் காய்ச்சல். பசறை வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஆனால் தாய் மலைக்குப் போகாவிட்டால் அன்று அவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. குறித்த கிலோக் கணக்கு நிறைவேறாவிட்டாலும் முழுச் சம்பளம் கிடையாது. தோட்டத்து மேற்பிரிவிலிருந்து பிரதான பாதைக்கு இறங்க முச்சக்கர வண்டிக்குப் பணம் வேண்டும். பிறகு பேருந்துக் கட்டணம். வைத்தியசாலையில் வரிசை. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும்.

ஆகவே அவள் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிறாள். கொத்தமல்லிக் கஷாயம் கொடுத்துப் பார்க்கிறாள். இரண்டாம் நாளும் பார்க்கிறாள். மூன்றாம் நாள் குழந்தை துவண்டபின் ஓடுகிறாள். "ஏன் இவ்வளவு தாமதித்தாய்?" என்று வைத்தியசாலையிலே கேட்கிறார்கள். "அறியாமை" என்று ஏட்டில் எழுதுகிறார்கள். அவள் அறியாதவள் அல்லள். மிகவும் துல்லியமாகக் கணக்குப் போடத் தெரிந்தவள். அந்தக் கணக்கில் அவளுக்குச் சாதகமாக விடை வருவதில்லை, அவ்வளவே.

2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டது, பின்னரும் உயர்ந்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நாட்டையே உலுக்கியபோது, உணவுக்கு மிகவும் தட்டுப்பட்டவர்களுள் தோட்டக் குடும்பங்களே முன்னணியில் நின்றன. நாட்கூலியை மட்டும் நம்பிய வீட்டில், ஒரு நாள் நோய் என்பது ஒரு நாட் பட்டினியாகவும் ஆகிறது. அந்தப் பட்டினி அடுத்த நோயைக் கூட்டி வருகிறது.

அடுப்படியும் பிள்ளை மடுவமும்

வீட்டுக்குள்ளும் நாம் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் கொண்டுவந்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஆயத்தம் செய்து, கூடையும் படங்குமாக மலை ஏறுகிறவள் பெண். இரவில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவளும் அவளே. பழைய நாட்களில் அவளுடைய சம்பளத்தைக்கூடக் கணவனோ தகப்பனோதான் கையேந்தி வாங்கினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்ற நீதி 1984ஆம் ஆண்டிலேயே தோட்டங்களுக்கு வந்தது. சம்பளம் யார் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே அது அரிசியாகவும் பருப்பாகவும் மாறுவதா, சாராயக் கடைக்குப் போவதா என்பது தீர்மானமாகிறது. இரத்தச் சோகைக்கு வைத்தியர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை உணவோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தண்ணீர் பயனற்றதாக்கிவிடும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் வயிற்றை நிரப்பச் சாயத் தண்ணீரும் ரொட்டியுமே மலிவு என்பதையும் சொல்பவர் உணர்ந்திருக்க வேண்டும்.

லயத்தையும் மறத்தலாகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். அங்கேயே அடுப்பு, அங்கேயே தொட்டில். விறகுப் புகை பாட்டியின் நெஞ்சிலும் பேரனின் நெஞ்சிலும் ஒன்றாகப் படிகிறது. ஒருவருக்குச் சயரோகம் கண்டால் அடுத்தவர் விலகிப் படுக்க இடமில்லை. அண்மைக் காலங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கையும், இந்திய அரசின் வீடமைப்பு உதவியும் சில ஆயிரம் குடும்பங்களுக்கு விடிவு தந்துள்ளன. அவ்விடிவு இன்னும் எல்லா லயங்களையும் எட்டவில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. இடம் பெயரச் சொன்னவர்கள் உண்டு. இடம் கொடுத்தவர்கள் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் தோட்டம் கண்ட நல்லதொரு நிலையத்தையும் நாம் போற்ற வேண்டும். அதுதான் பிள்ளை மடுவம். தாய் மலையில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயம்மா. பாலூட்டுவதற்கு இடையில் வந்து போகத் தாய்க்கு நேரம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டமும் இதற்கெல்லாம் துணை நின்றது. பழைய மடுவம் இருட்டறையாகவும் தொட்டிற் சேலைகளின் வரிசையாகவும் இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரும், 1992 முதல் தனியார் கம்பனிகளும் தோட்ட மனிதவள நிதியமும் பொறுப்பேற்ற பின்னரும், அவற்றிற் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பேற்றார்கள். சத்துணவும் தடுப்பூசியும் நிறைக் கணக்கும் அங்கே வந்தன. குடிநீரும் மலசல கூடங்களும் பெருகின. கைக்குழந்தை மரணம் முன்னையதில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. புதுமையான மருந்து எதுவும் இதற்குக் காரணமன்று. பிள்ளையின் அருகில் ஒருவர், நாள்தோறும், அக்கறையோடு இருந்தார். வள்ளுவர் எண்ணிய நான்காவது உறுப்பு இங்கே வேலை செய்தது.

சொல்ல ஒரு மொழி, கேட்க ஒரு செவி

அருகிருப்பவர் அன்புடையவராக இருந்தாற் போதுமா? பேச்சு விளங்க வேண்டும். பதுளை மாவட்டத்து வைத்தியசாலைகளிற் பணிபுரிவோரிற் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். தோட்டத்து ஆண்களும் இளையோரும் சிங்களத்தைச் சந்தையிலும் சாலையிலும் கற்றுக்கொள்கிறார்கள். லயத்தையும் மலையையும் தவிர வேறிடம் அறியாத மூதாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவளுடைய நோயை அவளுடைய பேரன் மொழிபெயர்க்கிறான். பெண்களுக்கே உரிய உபாதையை ஒரு தாய் தன் மகனின் வாய் வழியாக எப்படிச் சொல்வாள்? "தலைவலி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைவலி மாத்திரையோடு திரும்பி வருவாள்.

நம்பிக்கையும் மொழியைப் போன்றதே. 1980களில் நிரந்தரக் கருத்தடைக்கு அரசாங்கம் பணம் வழங்கிய காலத்தில், தோட்டப் பெண்களிடையே அச்சிகிச்சை நாட்டின் பிற பகுதிகளைவிட அதிகமாக நடந்தது. விரும்பிச் செய்துகொண்டவர் பலர் இருக்கலாம். ஆயினும் விளங்கச் சொல்லப்பட்டதா, வறுமை முடிவு செய்ததா, பெண் முடிவு செய்தாளா என்ற ஐயம் மக்களிடையே தங்கிவிட்டது. ஐயம் தங்கிய இடத்தில் நல்லதைச் சொல்ல வருகிறவரையும் மக்கள் தூரத்தில் நிறுத்தியே பார்ப்பர்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. தமிழ் கற்றுக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கும் சிங்களக் குடும்ப நல உத்தியோகத்தர்கள் ஊவாவில் இருக்கிறார்கள். தோட்டத்து லயத்திற் பிறந்து, உயர்தரம் படித்து, அதே சீருடையில் திரும்பி வந்த தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். "நம்ம புள்ள" என்று மக்கள் அவர்களை அழைக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் பாதி வைத்தியம் நடந்துவிடுகிறது. கர்ப்பம் தரித்த செய்தி மூன்றாம் மாதத்திலேயே அவர்கள் காதுக்கு வருகிறது. பிறர் காதுக்கு ஏழாம் மாதத்தில் வரும். இத்தகையோர் தொகை தேவைக்கு மிகவும் குறைவு. பயிற்சிக்கு வேண்டிய பாடங்களிற் சித்தியடையும் தோட்டத்து மாணவர் குறைவாக இருப்பதே காரணம். ஆகவே பசறையின் தாய்மார் நலம், பசறைப் பாடசாலைகளின் விஞ்ஞான வகுப்பறையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலை, பத்து ஆண்டுகளுக்குப் பின் மருத்துவமாது இல்லாத தோட்டமாகிறது.

லயத்தின் கைகள்

அரசும் தோட்டமும் கைவிட்ட காலங்களில் மக்களைக் காத்தது எது என்று கேட்டால், லயத்து உறவு என்றே சொல்ல வேண்டும். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டவளைக் கம்பளியிற் கிடத்தித் தோளிற் சுமந்து சறுக்குப் பாதையில் இறங்கியவர்கள் அண்டை அயலார். கொழுந்து லொறியை ஆஸ்பத்திரி வண்டியாக்கியவர்கள் அவர்கள். பிள்ளை பெற்றவள் வீட்டுக்குப் பத்தியச் சோறும், சாவு விழுந்த வீட்டுக்குத் தேத்தண்ணியும் அனுப்பியவர்கள் அவர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கி, பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. அது பெரும் வரப்பிரசாதம். ஆனால் வண்டி வரும் பாதை வரையில் நோயாளியைக் கொண்டுவர இன்றும் பல பிரிவுகளில் அதே தோள்களே வேண்டியிருக்கின்றன.

இந்த உறவைப் புகழ்ந்து பாடிவிட்டு, இனி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பொறுப்பாளர்கள் கைகழுவுதல் நியாயமன்று. தோளிற் சுமப்பது அன்பு. சுமக்க வேண்டிய நிலையில் மக்களை வைத்திருப்பது குற்றம். உறவுக்கும் ஒரு குறை உண்டு. வெளியே சொன்னால் மானம் போகும் என்று லயம் மறைக்கும் நோய்கள் இருக்கின்றன. குடியினால் வரும் அடியும், மனச்சோர்வும், சயரோகமும் அவ்வாறு மறைக்கப்படுபவை. அருகிருப்பவர் மறைக்கத் துணை செய்யாமல், வெளிப்படுத்தத் துணை செய்தாலன்றி மருந்து அவ்வீட்டு வாசலைத் தாண்டாது.

1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றவர் என்ற பெயரைத் துடைத்துவிட்டன. வாக்குரிமை திரும்பியது. தோட்ட வைத்தியசாலைகளிற் சில அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்துள்ளன, எல்லாம் வரவில்லை. ஆகவே இனிக் கேட்பதற்கு உரிமை இருக்கிறது. கேட்கத்தான் வேண்டும். தோட்டத்து மருந்துச்சாலை அரசாங்கத்தின் பொறுப்பா, கம்பனியின் பொறுப்பா என்று ஒவ்வொரு தோட்டத்திலும் தெளிவாகக் கேட்க வேண்டும். கிளினிக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் பாதுகாக்கப்படுமா என்று தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சின்போது கேட்க வேண்டும். தமிழில் பேச ஒருவர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவையும் உள்ளன. வீட்டில் யாருக்கு முதலில் சோறு பரிமாறப்படுகிறது என்று ஒரு முறை கவனியுங்கள். கருவுற்றவளுக்கும் மலையிலிருந்து வந்தவளுக்கும் அந்த முதற் கவளம் உரியது. திரிபோஷாப் பொதி ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டால், அது அப்பிள்ளைக்கே போகட்டும். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மாணவ மாணவியரே, பாட்டியோடு பசறைக்கோ பதுளைக்கோ கிளினிக்குச் செல்லும் நாளில் நீங்கள் வெறும் துணையல்லர். வைத்தியத்தின் நான்காவது உறுப்பு நீங்களே. வைத்தியர் சொன்னதை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை காலையில், எது இரவில், மீண்டும் எந்த நாளில் வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைப் பாட்டியின் கண்ணிற் படும் இடத்தில், அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். உங்களுள் ஒருவர் நாளை அந்தத் தாளை எழுதிக் கொடுக்கும் இடத்தில், வெள்ளைச் சீருடையோடு அமர்ந்திருப்பீர்களாயின், தோட்டத்துப் பாட்டிமார் தம் நோயைத் தம் சொற்களிலேயே சொல்லிக்கொள்வர்.